டி.எஃப்.எஸ்.பி.: அவசரப்பட்டு எடுக்கக் கூடாத கட்டி

தோள்பட்டையிலோ முதுகிலோ அடிவயிற்றிலோ தோலோடு ஒட்டினாற்போல ஒரு தடிப்பு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, தண்ணி வடிவதும் கிடையாது. மூன்று வருஷமாக இருக்கும், சிலருக்குப் பத்து வருஷமாகவும் இருக்கும். உறுத்துகிறது என்றோ கல்யாணத்துக்குள் எடுத்துவிடலாம் என்றோ பக்கத்து கிளினிக்கில் போய்ப் படுத்தால், மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் தோண்டி எடுத்து, நாலு தையலோடு அனுப்பிவிடுவார்கள். எடுத்தது கொழுப்புக் கட்டி என்றால் விஷயம் அதோடு முடிந்தது. அது டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரொட்டுபரன்ஸ் என்ற தோல் புற்று வகையாக இருந்துவிட்டால், அடுத்து வரும் ஆபரேஷனை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பேர் ரொம்ப நீளம். டாக்டர்கள் டி.எஃப்.எஸ்.பி. என்பார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். 1924-இல் டாரியே, ஃபெராண்ட் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். மறு வருஷம் ஹாஃப்மன் இந்தப் பேரை வைத்தார். அரிதான நோய்தான்: மேல்நாட்டுக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அதே கணக்கு இங்கேயும் பொருந்தினால், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எல்லாம் சேர்த்தும் வருஷத்துக்குச் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். ஊரில் நல்ல பேர் எடுத்த டாக்டர் ஒருவர் தன் தொழில் காலம் முழுக்க இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். தவறிப்போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். அவர் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது.

பெரும்பாலும் 20 வயதிலிருந்து 50 வயதுக்குள் வருகிறது. பாதிக்கு அருகில் உடம்பில்: மார்பு, முதுகு, வயிறு, தோள். அதற்கடுத்து கை கால்களின் மேல்பகுதி. தலை, கழுத்து, பொடனி பக்கம் குறைவு. குழந்தைகளுக்கும், பிறக்கும்போதே கூட வரலாம். அப்போது அதைப் பிறவி மச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

காரணம் ஜீனில் நடக்கும் ஒரு இடமாற்றம். 17-ஆம் குரோமோசோமிலும் 22-ஆம் குரோமோசோமிலும் இருக்கும் துண்டுகள் இடம் மாறி, கொலாஜன் செய்யும் ஜீனும் பி.டி.ஜி.எஃப்.பி. என்ற வளர்ச்சி ஜீனும் ஒட்டிக்கொள்கின்றன. தோலில் கொலாஜன் ஜீன் எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பது. அதோடு ஒட்டிய வளர்ச்சி ஜீனும் ஓயாமல் "வளரு, வளரு" என்று அந்த செல்லுக்கே சொல்லிக்கொண்டிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த ஒட்டு இருக்கிறது. இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதல்ல. சாப்பாட்டாலோ, சாயப்பட்டறைத் தண்ணியாலோ, தோட்டத்தில் அடித்த மருந்தாலோ வந்ததென்று சொல்ல ஆதாரமும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இருக்காது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடலாம். இடுப்பில் பாவாடை நாடா அழுத்தி அழுத்தி, நாள்பட்ட புண்ணாகி, அதில் வரும் தோல் புற்று நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. அது ஸ்குவாமஸ் வகை, தோலின் மேலடுக்கில் பிறப்பது. தீப்புண் தழும்பில் வருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றில் புண் இருக்கும், நாற்றம் இருக்கும், நெறி கட்டும். டி.எஃப்.எஸ்.பி.யில் தொடக்கத்தில் இதில் எதுவும் இருக்காது.

இதை எதோடு குழப்பிக்கொள்வார்கள்?

முதலில் கெலாய்டு, அதாவது தடித்த தழும்பு. தோளிலும் நெஞ்சிலும் இரண்டுமே வரும், இரண்டுமே கெட்டியாக, பளபளப்பாக, செம்பழுப்பாக இருக்கும். ஆனால் கெலாய்டு அரிக்கும், அதற்கு முன்னால் ஒரு காயமோ பருவோ அம்மைத் தழும்போ இருந்திருக்கும். கெலாய்டு என்று நினைத்து ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மாதம் ஒன்றாகப் போட்டும் தடிப்பு அமுங்காமல், ஓரத்தில் புதுசாக ஒரு குமிழ் கிளம்பினால் ஊசியை நிறுத்திவிட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏழாவது ஊசி, எட்டாவது ஊசி என்று போய்க்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், அதன் மேல் தோல் தனியாக வழுக்கும். சீபேஷியஸ் கட்டியில் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். டெர்மட்டோஃபைப்ரோமா என்ற தீங்கில்லாத கட்டி பெரும்பாலும் காலில், ஒரு சென்டிமீட்டருக்குள், இரண்டு பக்கமும் கிள்ளினால் நடுவில் குழி விழும். டி.எஃப்.எஸ்.பி. தோலிலேயே பிறப்பது. தோலைப் பிடித்து அசைத்தால் கட்டியும் கூடவே நகரும், தோலை மட்டும் பிரித்துத் தூக்க முடியாது. அடியில் இருக்கும் சதையோடு பிடிக்காமல், ஒரு பலகை போல மொத்தமாக நகரும். விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றம் முடிந்த பிறகும் கெட்டித்தன்மை தொடர்வது தெரியும். இந்தக் கடைசி அறிகுறி முக்கியமானது. கர்ப்ப காலத்தில் திடீரென்று வேகமாக வளர்வதும் உண்டு. கறுப்பு நிறமி உள்ள பெட்னார் வகையைப் பார்த்தால் மெலனோமா என்ற கறுப்புத் தோல் புற்றோ என்று பயம் வரும்.

உடம்பு முழுக்கப் பரவும் சுபாவம் இதற்குக் குறைவு. நூறு பேரில் ஐந்து பேருக்கும் கீழேதான், அதுவும் முக்கியமாக நுரையீரலுக்கு. அப்படியானால் ஏன் இத்தனை பயமுறுத்தல் என்றால், வெட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப முளைப்பதுதான் இதன் குணம். மஞ்சக்காட்டில் கோரை எடுத்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை: மேலே தெரியும் தாளைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும், கிழங்கு எங்கெங்கோ கிடக்கும். டி.எஃப்.எஸ்.பி.யும் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில், கொழுப்பு செல்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகள் வழியாக நூல் நூலாக ஓடுகிறது. எல்லாப் பக்கமும் ஒரே தூரம் ஓடுவதும் இல்லை. கிழக்கே அரை சென்டிமீட்டரில் நின்றுவிட்டு மேற்கே மூன்று சென்டிமீட்டர் போயிருக்கும். கட்டியை ஒட்டித் தோண்டி எடுத்தால் பாதிப் பேர் வரைக்கும் திரும்ப வருகிறது. அகலமாக எடுத்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு. விளிம்பு முழுவதையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்தால் நூற்றில் ஒன்றிரண்டு. இந்த மூன்று எண்களுக்கும் நடுவில்தான் இந்தப் பதிவு முழுக்க ஓடப்போகிறது.

சதை எடுத்துச் சோதிப்பது

சந்தேகமுள்ள கட்டியை முழுசாக எடுக்காதீர்கள், எடுக்கவும் விடாதீர்கள். முதலில் சிறு துண்டு. பஞ்ச் என்ற வட்டக் கத்தியால் எடுப்பது: 6 மி.மீ. பஞ்ச் நல்லது, 4 மி.மீ. கடைசிப் பட்சம். பஞ்ச் கொழுப்பு வரைக்கும் இறங்க வேண்டும். மேல்தோலை மட்டும் சுரண்டி அனுப்பினால் ரிப்போர்ட்டில் "டெர்மட்டோஃபைப்ரோமா" என்று வரும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், நோய் கீழே இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே கொழுப்புக்குள் அது எப்படி நுழைந்திருக்கிறது என்பதுதான். கட்டி பெரிதென்றால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீள்வட்டமாகக் கத்தியால் எடுக்கலாம். கை காலில் இருந்தால் அந்த வெட்டு கை காலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே போட்டுவிட்டால் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுக்கும் அடுத்த ஆபரேஷன் தேவையில்லாமல் அகலமாகிவிடும். சுற்றித் தோலை நெகிழ்த்தும் வேலை வேண்டாம். மரத்துப்போக இரண்டு மூன்று மி.லி. லிக்னோகெய்ன், ஒன்றிரண்டு நைலான் தையல், பத்து நாளில் பிரித்துவிடலாம். ஊசியால் குத்தி செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. இதற்குப் போதாது.

சின்ன ஊர்களில் நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். எடுத்த துண்டை சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு, ஆள் கையில் கொடுத்து, "கோயமுத்தூர் போறப்ப லேப்ல குடுத்துருங்க" என்று அனுப்புவது. சலைனில் மணிக்கணக்கில் கிடந்த சதை அழுகத் தொடங்கிவிடும். 10 சதவீத ஃபார்மலினில்தான் போட வேண்டும், சதையின் அளவைப்போல் பத்து மடங்கு திரவம், வாய் அகன்ற பாட்டில். ஊசி மருந்து பாட்டிலின் குறுகிய வாய்க்குள் திணித்துப் போட்டால், கெட்டியான பிறகு வெளியே எடுக்கையில் நசுங்கும். கூடப் போகும் படிவத்தில் எந்த இடம், எத்தனை வருஷம், முன்னால் வெட்டியதுண்டா, ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்று நாலு வரி எழுதினால் பேத்தாலஜிஸ்ட்டுக்குப் பாதி வேலை முடிந்தது. "கட்டி - முதுகு" என்று மட்டும் எழுதி அனுப்புவதும் நடக்கிறது.

சாதாரண சாயத்தில் கதிர் வடிவ செல்கள் சுழல் சுழலாக நிற்பது தெரியும். அடுத்து, செல்லில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் இம்யூனோ சாயங்கள்: சி.டி.34 பாசிட்டிவ், எஸ்-100 நெகட்டிவ், ஃபேக்டர் 13ஏ பெரும்பாலும் நெகட்டிவ் என்றால் டி.எஃப்.எஸ்.பி. பக்கம் சாய்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் ஃபிஷ் என்ற சோதனையில் அந்த ஜீன் ஒட்டைத் தேடலாம். ரிப்போர்ட்டில் "ஃபைப்ரோசார்கோமா மாற்றம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு பகுதியினருக்கு அப்படி மாறியிருக்கும். அது கொஞ்சம் முரட்டு வகை, பரவும் வாய்ப்பு கூடுதல், சி.டி.34 சாயமும் அங்கே மங்கிப்போகலாம். அவர்களுக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் அவசியம். மற்றவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே போதும். பெட் ஸ்கேன் யாருக்கும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. கேட்காமலே எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று கேட்கலாம்.

லேபில் மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் ஸ்லைடும் உங்களுக்காக வைத்திருப்பவை. வேறு ஆஸ்பத்திரி போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் எடுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பிளாக்கை வாங்கிக்கொண்டு போங்கள். கார் டேஷ்போர்டில் வைத்து சித்திரை வெயிலில் நிறுத்தாதீர்கள், மெழுகு உருகும்.

எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்

பெரிய கட்டி, ஏற்கெனவே வெட்டித் திரும்பி வந்தது, தலை கழுத்துப் பக்கம் வந்தது, இதற்கெல்லாம் முன்கூட்டியே காண்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆழம் தெரியும். முதல் முறை வந்த சிறு தடிப்புக்கு விரலே போதும்.

வழக்கமான முறை அகல அறுவை. கையில் தட்டுப்படும் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 2 முதல் 4 செ.மீ. நல்ல தோலும், அடியில் தசையை மூடியிருக்கும் ஃபேஷியா என்ற உறையும் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது. மண்டையில் என்றால் எலும்பின் மேலுறை வரைக்கும். கட்டி 4 செ.மீ., சுற்றிலும் 3 செ.மீ. என்று வைத்தால் குறுக்கே 10 செ.மீ. தோல் இழுபட்டுச் சுருங்குவதால் வெட்டியபின் குழி அதைவிடப் பெரிதாகத் தெரியும். "ஏனுங்க சார், இத்துனூண்டு கட்டிக்கு இவ்வளவு பெரிய குழிங்களா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதை ஆபரேஷனுக்கு முந்தியே, தோல் மேல் பேனாவால் வரைந்து, கண்ணாடியில் காட்டிவிடுவது நல்லது. முதுகில் இருந்தால் கூட வந்தவர் போனில் போட்டோ எடுத்துக் காட்டலாம். கட்டு பிரிக்கும் நாளில் முதல்முறையாகப் பார்த்து மயங்கி விழுவதைவிட அது மேல்.

கோடு போடுவதை மரத்துப்போகும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். மருந்து ஏறித் தோல் உப்பிவிட்டால் ஓரம் விரலுக்குத் தெரியாது, அளவும் தப்பும். ஏற்கெனவே ஒருமுறை வெட்டியிருந்தால் அளப்பது கட்டியிலிருந்து கிடையாது, பழைய தழும்பின் முழு நீளத்திலிருந்து. தையல் விழுந்த ஓட்டைகள், ரத்தம் வடிய டியூப் வைத்த ஓட்டை, எல்லாம் உள்ளடங்க வேண்டும். முதல் கிளினிக்கில் போட்ட 6 செ.மீ. தையலால் இரண்டாவது ஆபரேஷன் எத்தனை பெரிதாகிறது என்று இங்கே தெரியும்.

கத்தி செங்குத்தாக இறங்க வேண்டும். தோலில் 3 செ.மீ. விட்டுத் தொடங்கி, கொழுப்புக்குள் போகப்போக உள்பக்கம் சாய்ந்தால் ஃபேஷியாவைத் தொடும்போது விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். நோய் ஓடுவதே அந்தக் கொழுப்பில்தான். மேலிருந்து பார்த்தால் அழகான வட்டம், கீழே குறுகிய கிண்ணம்: ரிப்போர்ட்டில் ஆழ விளிம்பு பாசிட்டிவ் (வெட்டிய ஓரத்திலேயே நோய் செல் இருக்கிறது) என்று வரும் பல கேஸ்களின் கதை இதுதான். நடுவில் கட்டியைக் கீறிவிட்டால் அந்த இடத்துக்குக் கீழே இன்னும் ஒரு அடுக்கு எடுக்க வேண்டிவரும்.

எடுத்த துண்டுக்குத் திசை தெரிய வேண்டும். மேல்பக்கம் ஒரு குட்டைத் தையல், வெளிப்பக்கம் ஒரு நீளத் தையல், அதைப் படிவத்தில் படம் வரைந்து எழுத வேண்டும். தெர்மோகோல் அட்டையில் குண்டூசியால் விரித்துக் குத்தி ஃபார்மலினில் போட்டால் சுருங்காது. திசை குறிக்காமல் அனுப்பிய துண்டில் "ஒரு ஓரம் பாசிட்டிவ்" என்று வந்தால், எந்த ஓரம் என்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் திரும்ப வெட்ட வேண்டியதுதான்.

விளிம்பைப் பார்ப்பதில் இருக்கும் ஓட்டை

"மார்ஜின் நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் வந்ததும் இனிப்பு வாங்கப் போகாமல், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். வழக்கமான முறையில் துண்டைச் செங்குத்தாக அங்கங்கே வெட்டிச் சில சீவல்களை மட்டும் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது மொத்த விளிம்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சாதாரணக் கட்டிகளுக்கு அது போதும். நூல் நூலாக ஓடும் நோய்க்கு, இரண்டு சீவல்களுக்கு நடுவே தப்பிப்போக நிறைய இடம் இருக்கிறது.

இதற்கு மாற்று மோஸ் அறுவை. அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் ஃபிரெடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கியது. மெல்லிய தட்டு போல ஒரு அடுக்கை எடுத்து, அதன் அடிப்பாகமும் சுற்று ஓரமும் ஒரே தளத்தில் வரும்படி தட்டையாக்கி, விளிம்பு முழுவதையும் பார்ப்பார்கள். எங்கே செல் மிச்சமிருக்கிறதோ வரைபடத்தில் குறித்து, அந்த இடத்தில் மட்டும் அடுத்த அடுக்கு. நல்ல தோல் வீணாவது குறையும், திரும்ப வருவதும் குறையும். முகம், மண்டை, கழுத்து, விரல், பிறப்புறுப்புப் பக்கம் என்றால் இதுதான் சரியான வழி. அங்கே 3 செ.மீ. விட்டு வெட்ட இடமேது?

ஆனால் மோஸில் வழக்கமாகச் செய்யும் ஃப்ரோஸன் செக்‌ஷன், அதாவது சதையை உடனே உறைய வைத்துச் சீவிப் பார்ப்பது, டி.எஃப்.எஸ்.பி.க்குச் சரிப்படுவதில்லை. தோல் உறையும் குளிரில் கொழுப்பு சரியாக உறையாது. சீவும்போது கிழியும், மடங்கும், ஓட்டை விழும். சி.டி.34 சாயம் இல்லாமல் தழும்பு செல்லையும் நோய் செல்லையும் பிரிப்பதும் கஷ்டம். அதனால் "ஸ்லோ மோஸ்" என்ற வழி: அடுக்கை எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சி.டி.34 சாயத்தோடு பார்ப்பது. முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை காயத்தைத் தைக்காமல் கட்டுப்போட்டு வைத்திருப்பார்கள்.

என் கருத்து: மோஸ் பயின்றவர்கள் நம் நாட்டில் குறைவு, இருப்பவர்களும் பெருநகரங்களில்தான். ஆனால் ஸ்லோ மோஸுக்குத் தனி மிஷின் எதுவும் வேண்டியதில்லை. இம்யூனோ சாயம் போடும் பேத்தாலஜி லேபும், துண்டைத் தட்டையாக்கி விளிம்பு முழுக்க வெட்டச் சம்மதிக்கும் பேத்தாலஜிஸ்ட்டும், அவரோடு முன்னாடியே பேசி வைக்கும் சர்ஜனும் போதும். கோவையில் இது நடக்காத காரியமில்லை. அதற்காகச் சென்னைக்கோ மும்பைக்கோ போகுமுன், இங்கே இருப்பவரிடம் "மார்ஜின் முழுசும் பார்ப்பீங்களா, சாம்பிளுக்கு நாலு இடம் பார்ப்பீங்களா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

குழியை மூடுவது

கோவைப் பக்கம் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைத்திறனே சில சமயம் இங்கே வினையாகிறது. பக்கத்துச் சதையைத் தோலோடு நகர்த்தி, ஃபிளாப் வைத்து, அன்றைக்கே அழகாக மூடிவிடத் தோன்றும். விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வருவதற்குள் அதைச் செய்யக் கூடாது. ஃபிளாப் திருப்பியபின் ஓரம் பாசிட்டிவ் என்று வந்தால், அந்த ஓரம் இப்போது எங்கே போயிருக்கிறது என்றே தெரியாது. சுற்றித் தோலைப் பிரித்து நெகிழ்த்திய இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம். தடிமனான ஃபிளாப்புக்கு அடியில் திரும்ப முளைத்தால் கைக்கு எட்டும்போது பெரிதாகியிருக்கும். தையலில் நேராகச் சேர்ந்துவிடும் இடமென்றால் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் காயத்து நீரை உறிஞ்சும் வேக்குவம் டிரெஸ்ஸிங் வைத்து ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருப்பதுதான் சரி.

முதுகு, தோள், தொடை போன்ற இடங்களுக்குத் தோல் கிராஃப்ட் எளிது. தொடையிலிருந்து டெர்மடோம் கத்தியால் 0.3 மி.மீ. கனத்துக்குச் சீவி, சல்லடை போலக் கீறி, தசை மேல் ஒட்டுவது. கிராஃப்ட் பிடிக்காமல் போக மூன்று காரணங்கள்: அடியில் ரத்தமோ நீரோ தேங்குவது, நகர்ந்து உரசுவது, சீழ் பிடிப்பது. முதல் ஐந்து நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது, அந்தப் பகுதியை அசைக்கவும் கூடாது. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஆபரேஷனுக்குப் படுப்பதும், பீடி சிகரெட்டை விடாததும் கிராஃப்ட்டைக் கொல்லும். தோல் எடுத்த தொடைதான் வெட்டிய இடத்தைவிட அதிகம் நோவும். அந்தக் கட்டு தானாக உலர்ந்து, இரண்டு வாரத்தில் கழன்று விழும். குளிக்கும்போது நனைத்துப் பிய்த்தால் புது மேல்தோலும் கூட வந்துவிடும்.

ஈரோட்டு மஞ்சளுக்கு ஊரெல்லாம் பேர் உண்டு. அதைப் புது கிராஃப்ட் மேல் மட்டும் வைக்காதீர்கள். பொடி ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்கும்போது தோலும் வரும். நன்றாக ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் தினம் இரண்டு வேளை தடவலாம். அந்தத் தோலில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யாது, காய்ந்து வெடிக்கும். தோள்பட்டையில் கிராஃப்ட் வைத்த தறிக்காரரோ தென்னை ஏறுகிறவரோ வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதமாவது ஆகும். இடையில் கையைத் தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டால் கிராஃப்ட் சுருங்கி, கை காது மட்டத்துக்கு மேல் போகாது.

விளிம்பு பாசிட்டிவ் என்றால்

முதல் பதில் திரும்ப வெட்டுவது. இடம் இருக்கும்வரை அதுதான். வெட்ட இடமில்லை, வெட்டினால் நரம்போ உறுப்போ போய்விடும் என்ற நிலையில் கதிர்வீச்சு: காயம் ஆறியபின் மொத்தம் 50 முதல் 60 கிரே, வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரம். நெறிக்கட்டு எடுப்பதும் சென்டினல் நோடு (புற்று முதலில் போய்ச் சேரும் நெறி) பார்ப்பதும் இந்த நோயில் வழக்கமில்லை. சாதாரண கீமோவுக்கு இது பெரிதாக மசிவதும் இல்லை.

இமாட்டினிப் மாத்திரை வேறு விஷயம். ரத்தப் புற்றுக்காக வந்த மருந்து. அந்த வளர்ச்சி ஜீன் தரும் சிக்னலை ஏற்கும் இடத்தையே அடைப்பதால் இங்கேயும் வேலை செய்கிறது. வெட்ட முடியாதது, திரும்ப வந்தது, பரவியது என்ற நிலைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் அனுமதி கொடுத்தது. தினம் 400 முதல் 800 மி.கி. சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் சில மாதம் கொடுத்துக் கட்டியைச் சுருக்கலாம். ஜீன் ஒட்டு இல்லாத கட்டியில் பலன் எதிர்பார்க்க முடியாது, அதனால் மாத்திரைக்கு முன் ஃபிஷ் சோதனை செய்துவிட வேண்டும். தொடங்குமுன் ஸ்கேல் வைத்து போட்டோவும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து வைக்க வேண்டும். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணியோடு விழுங்க வேண்டும். கண் இமை வீக்கம், கெரண்டை இழுப்பு, குமட்டல் வரும். ரத்த அணு எண்ணிக்கையும் ஈரல் சோதனையும் இடையிடையே பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஆகாது. 2013-இல் உச்ச நீதிமன்றம் கிளிவெக் (இமாட்டினிப்பின் அசல் கம்பெனிப் பேர்) காப்புரிமையை மறுத்த பிறகு உள்நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறது, விலையும் அசலைவிட வெகுவாகக் குறைவு.

ஒன்றிரண்டு நடைமுறை

இது ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய நோய் இல்லை. "பண்ணாரி நோம்பி முடிஞ்சு வாரனுங்க" என்றால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடாது. கிடைத்த நாளில் அரைகுறையாக வெட்டுவதைவிட, பேத்தாலஜி, எம்.ஆர்.ஐ. எல்லாம் கையில் வைத்துக்கொண்டு வெட்டுவது மேல். நோம்பி போய், பையன் பரீட்சை போய், வெள்ளாமை போய், கல்யாணம் போய் என்று இரண்டு வருஷம் தள்ளுவதுதான் ஆபத்து.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கோவை மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு மருத்துவக் கல்லூரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை உண்டு. முன்அனுமதிக்கு பயாப்ஸி ரிப்போர்ட் வேண்டும், அதனால் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசப் போங்கள். இரண்டாவது கட்டமாகக் கிராஃப்ட் வைக்கப்போகிறார்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் இழுக்கும்.

ஆபரேஷன் முடிந்து முதல் மூன்று வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்தில். பத்து வருஷம் கழித்து வந்ததும் உண்டு, ஆகவே "இனி வரவேண்டாம்" என்று யார் சொன்னாலும் தழும்பைத் தடவிப் பார்ப்பதை விடாதீர்கள். மாதம் ஒருமுறை, குளிக்கும்போது சோப்புக் கையோடு, தழும்பின் மேலும் அதைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கும். முதுகில் இருந்தால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். கடுகளவு கெட்டி தட்டுப்பட்டாலும் அதை எடுக்கச் சொல்லாதீர்கள், பஞ்ச் போட்டு சி.டி.34 பார்க்கச் சொல்லுங்கள். கிராஃப்ட் ஓரத்தில் தையல் நூல் முடிச்சும் இப்படித் தட்டுப்படுவதுண்டு. ஃபைப்ரோசார்கோமா மாற்றம் இருந்தவர்களுக்கு மட்டும் இதோடு நெஞ்சு ஸ்கேனும் இடையிடையே தேவை. மற்றவர்கள் வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.